இரணியலில் இறங்குங்கள்

ஆண்டுக்கு இரண்டு நாள் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையத்தின் ஓடுபாதையில் யானை நடக்கும். பங்குனியிலும் ஐப்பசியிலும் நடக்கும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போகும் வழி, அந்த ஓடுபாதையின் குறுக்கேதான் போகிறது. அந்த மாலை விமானங்கள் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை. சில மணி நேரம் பாதை மூடியிருக்கும் என்ற அறிவிப்பு முன்கூட்டியே விமானிகளுக்குப் போய்விடும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வாளேந்தி முன்னே நடக்க, பின்னால் கருட வாகனத்தில் சுவாமி. கடலில் நீராட்டு முடிந்து, தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலம் திரும்பிய பிறகுதான் ஓடுபாதை மறுபடி விமானங்களுக்கு.

உலகத்தில் பெரிய விமான நிலையங்கள் எத்தனையோ உண்டு. துபாய் வழியாக 2024-ல் மட்டும் 9 கோடியே 23 லட்சம் பயணிகள் போய்வந்தார்கள். சிங்கப்பூர் சாங்கியில் 2019-ல் திறந்த ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. ஆனால் தன் மண்ணின் பழைய வழக்கத்துக்காக ஆண்டுதோறும் ஓடுபாதையை விட்டுக்கொடுக்கும் விமான நிலையம் நமக்கு அருகில் இருக்கிறது. நமக்கு என்று சொல்வது சும்மா இல்லை. இரணியல், தக்கலை, குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்தில் யாரிடமும் ‘ஏர்போர்ட்’ என்று சொன்னால் அவர்கள் நினைப்பது திருவனந்தபுரத்தைத்தான். சென்னை எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. மதுரைக்குப் போவதென்றால் அரை நாள். இரணியலிலிருந்து திருவனந்தபுரமோ ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர்தான். நடுவில் களியக்காவிளையில் ஒரு மாநில எல்லை.

அந்த விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கன்னியாகுமரிக்கு விரையும் பயணிகள் எத்தனை ஆயிரம்! விடியும் முன் முனையில் நிற்க வேண்டும், சூரிய உதயம் பார்க்க வேண்டும், படகில் போய் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பார்க்க வேண்டும், மதியம் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். வழியில் ஒரு தேசத்தின் முந்நூறு வருட வரலாறு சாலையோரமாகக் கிடக்கிறது. வண்டி நிற்பதில்லை. நின்றாலும் பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு மணி நேரம். இரணியல் என்ற பெயர் ரயில் நிலையப் பலகையாக மட்டும் ஜன்னலில் கடந்துபோகிறது. அந்தப் பலகை இருக்கும் இடத்தில் ஏன் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே நாடாக இருந்த வழி

1932-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தொடங்கியது இந்த விமானத் தளம். முன்கை எடுத்தவர் அரச குடும்பத்து மருமகன் கோதவர்ம ராஜா. கேரளத்தில் விளையாட்டுத் துறையையும் சுற்றுலாவையும் பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் ஜி.வி. ராஜா என்று மரியாதையோடு சொல்கிற பெயர் அது. 1935-ல் டாடா நிறுவனத்தின் சிறு விமானம் பம்பாயிலிருந்து தபாலோடு இங்கே வந்து இறங்கியது. 1991-ல் சர்வதேச விமான நிலையமாக உயர்ந்தது. 2021 அக்டோபரில் அதன் நிர்வாகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

1935-ல் அந்த விமானம் இறங்கியபோது திருவனந்தபுரமும் இரணியலும் ஒரே அரசின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அந்த இணைப்பு எளிதாகக் கிடைத்ததில்லை. மார்ஷல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான உயிர்களும் அதன் விலை. எல்லை எங்கே போட வேண்டுமோ அங்கேதான் போடப்பட்டது என்பதில் இந்த மண்ணில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அரசு எல்லை ஒன்று, பயணியின் வழி வேறு. அந்த வழியை இரண்டு மாநிலங்களும் அறுபது வருடங்களுக்கு மேலாகத் தனித்தனித் துண்டுகளாகவே பார்த்துவருகின்றன. கேரளம் தன் விருந்தாளியைக் கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் ஆலப்புழைக்கும் அனுப்புகிறது. அது அவர்கள் கடமை. தமிழ்நாடு தன் பயணி மதுரை வழியாக வருவார் என்று எண்ணிக்கொள்கிறது. நடுவில் கிடக்கும், இரணியல் அடங்கிய கல்குளம் தாலுகா இருவர் கணக்கிலும் விழவில்லை.

தெய்வங்கள் மட்டும் பழைய வழியை விடவில்லை. நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் புறப்படுகிறார்கள். குழித்துறையில் ஒரு இரவு, நெய்யாற்றின்கரையில் ஒரு இரவு, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். களியக்காவிளையில் இரு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்கின்றன. வழியெங்கும் வீட்டு வாசலில் குத்துவிளக்கு, தட்டத்தில் பூவும் பழமும். ஒரு மாநிலத்துக் கோயில் விக்கிரகங்கள் மற்றொரு மாநிலத் தலைநகருக்கு அரசு மரியாதையோடு நடந்துபோய், பத்து நாள் இருந்து திரும்புவது இந்தியாவில் அரிய காட்சி. புரட்டாசியில் இங்கே வருகிற வெளிநாட்டுப் பயணி எத்தனை பேருக்கு இது தெரியும்?

பழைய தலைநகர்

இரணியலுக்கு இரணியசிங்கநல்லூர் என்று பழைய பெயர். பின்னாளில் திருவிதாங்கூர் ஆன வேணாட்டின் அரசர்கள் இருந்து ஆண்ட ஊர். அரசு கல்குளத்துக்கு, அதாவது பின்னாளில் பத்மநாபபுரம் என்று பெயர் பெற்ற இடத்துக்கு மாறிய பிறகும் அரண்மனை இங்கே நின்றது. படிப்புரை, குதிரை மாளிகை, வசந்த மண்டபம் என்று மூன்று பகுதிகள். வசந்த மண்டபத்தில் கல்லால் ஆன கட்டில் ஒன்று உண்டு. சேரமான் பெருமாள் தன் வாளை அந்தக் கட்டிலில் வைத்துவிட்டு மறைந்துபோனார் என்று ஊரில் கதை சொல்வார்கள். பத்மநாபபுரம் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புரியும்: அந்தப் பெரிய அரண்மனையின் மரவேலைக்கும் முற்றத்துக்கும் கூரைச் சரிவுக்கும் மூத்த உறவு இந்தக் கட்டடம்.

அந்த அரண்மனையை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. கூரை சரிந்து, மரம் உளுத்து, சுவரில் செடி முளைத்துப் பல பத்தாண்டுகள் கிடந்தது. உள்ளூர் மக்களும் வரலாற்று ஆர்வலர்களும் விடாமல் கேட்டபிறகு அறநிலையத் துறையின் பொறுப்பில் சீரமைப்பு தொடங்கியது. இப்படிப்பட்ட கட்டடத்தில் சீரமைப்பு என்பது சிமெண்ட் பூசுவதல்ல. பழைய ஆசாரிமார் எந்த மரத்தை எந்தப் பொருத்தில் சேர்த்தார்கள், சுண்ணாம்பை எப்படிக் குழைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் கை வைக்க வேண்டிய வேலை. அந்தக் கை இன்னும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. வேலை முடியும் இடத்தில் நிறுத்திப் பூட்டுப் போட்டுவிடாமல், வேணாட்டு வரலாற்றைச் சொல்லும் ஒரு காட்சியகமாக அதைத் திறந்துவைக்க வேண்டும்.

அரண்மனை மட்டுமல்ல, இரணியல் நெசவுக்கும் பேர்போன ஊர். திருவனந்தபுரத்திலிருந்து வரும் வழியில் பாலராமபுரம் என்ற இடத்தைக் கடப்போம். கசவு வேட்டிக்கும் புடவைக்கும் கேரளம் முழுக்கப் பெயர் பெற்ற அந்த ஊருக்கு நெசவாளர்கள் போனது நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்துதான். பாலராம வர்மா மகாராஜா காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாலியர் குடும்பங்கள் இங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டன. பாலராமபுரம் இன்று உலகச் சந்தையில் இருக்கிறது. இரணியல் பக்கத்துத் தறிகளோ வருடத்துக்கு வருடம் குறைகின்றன.

ஒரு நாள் முழுக்க பத்மநாபபுரம்

இரணியலிலிருந்து தக்கலை வழியாகக் கொஞ்ச தூரத்தில் பத்மநாபபுரம் கோட்டை. கருங்கல் மதிலுக்குள் ஒரு சிறு ஊர், அதன் நடுவே அரண்மனை. 1600-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கி, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1750-ஐ ஒட்டி, பெரிதாக உருப்பெற்றது. 1750-ல்தான் அவர் தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆளத் தொடங்கினார். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. நிலம் தமிழ்நாட்டில். அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-லேயே இடம்பிடித்துவிட்டது.

இங்கே ஒரு மணி நேரம் போதாது. முகப்பான பூமுகத்தின் மேற்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. கழுத்து வலிக்கும் வரை நின்று பாருங்கள். ஆலோசனை மண்டபமான மந்திரசாலையில் ஜன்னல்களுக்கு மைக்காத் தகடு. வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுமை. கீழே தரையைப் பாருங்கள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று என்னென்னவோ சேர்த்துத் தேய்த்த கறுப்புத் தரை, இன்றும் முகம் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதுவும் நல்லதே, அந்தத் தரையின் குளிர்ச்சியைக் காலால் அறியாமல் போகக் கூடாது. மேலும் கீழுமாக ஆயிரம் ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரை. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவ குணமுள்ள மரத் துண்டுகளால் செய்த அரசரின் கட்டில். அரண்மனையிலேயே மூத்த பகுதியான தாய்க் கொட்டாரத்தின் தூண் வேலைப்பாடு. மரத்தால் ஆன இவ்வளவு பெரிய மாளிகைக்குள்ளே கல்லால் ஆன நவராத்திரி மண்டபம் ஒன்று. முன்பு சரஸ்வதி பூஜைக்குக் கச்சேரி நடந்த இடம். 1993-ல் வந்த மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் சில காட்சிகள் இந்த அரண்மனையில் எடுத்தவை. அதன் தமிழ் வடிவமாக ‘சந்திரமுகி’யைப் பார்த்த நம் வாசகர்களுக்கு இந்த மாடிப்படிகள் எங்கோ கண்ட மாதிரி இருக்கலாம்.

திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்து வந்து வாசலில் ஏமாந்து நிற்கும் வெளிநாட்டவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பத்துக் கிலோமீட்டர் வட்டம்

இரணியலை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அருகே திருவிதாங்கோடு, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே பெயர் கொடுத்த ஊர், பெயர்தான் போனதே தவிர ஊர் அமைதியாக இருக்கிறது. அங்குள்ள கல் ஆலயம், அரப்பள்ளி, தோமா அப்போஸ்தலரே நிறுவியது என்று மரபு. தக்கலையில் ஞானி பீர்முகம்மது அப்பா தர்கா. அவருடைய ‘ஞானப்புகழ்ச்சி’யை ஆண்டு விழாவின்போது இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுகிறார்கள், தமிழில் பாடும் சூபி மரபு இத்தனை உயிரோடு இருக்கும் இடங்கள் குறைவு. தெற்கே கடலோரம் மண்டைக்காடு பகவதி, புற்றே அம்மனாக வளர்ந்த கோயில். மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து இருமுடி கட்டிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

மண்டைக்காட்டை அடுத்துக் குளச்சல். 1741 ஆகஸ்ட் 10-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற இடம். ஐரோப்பியக் கடல் வல்லரசு ஒன்றை இந்திய அரசன் ஒருவன் களத்தில் முறியடித்த இந்தப் போருக்கு ஒரு வெற்றித் தூண் கடலைப் பார்த்து நிற்கிறது. டச்சுக்காரர்கள் குளச்சலில் இறங்கியதே பத்மநாபபுரத்தைப் பிடிப்பதற்காக. பிடிபட்டது அவர்களுடைய தளபதி டிலனாய். அவரைக் கொல்லாமல் தன் படைக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார் மார்த்தாண்ட வர்மா. டிலனாய் உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார், வட்டக்கோட்டையைக் கட்டினார், 1777-ல் இந்த மண்ணிலேயே இறந்தார். புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. மேலே எழுத்து லத்தீனிலும் தமிழிலும். டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்தவரான நட்டாலம் நீலகண்டபிள்ளைதான் தேவசகாயம். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அவர் வாழ்ந்த, இறந்த, அடங்கிய இடங்களைத் தேடி இனி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வந்து இறங்கும் விமான நிலையம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் முட்டம் கலங்கரை விளக்கமும் பாறைகளும். 1981-ல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ அந்தக் கடற்கரையைத் தமிழ்நாட்டுக்கெல்லாம் அறிமுகம் செய்தது. வடக்கே போனால் 1966-ல் எழுந்த 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, 2022-ல் நானூறு வருடங்களுக்குப் பிறகு குடமுழுக்குக் கண்ட திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள். ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியது.

போகிறவர்கள்

பயணி என்றால் வருபவர் மட்டும்தானா? இந்தப் பகுதியின் வாழ்க்கை முழுவதும் அந்த விமான நிலையத்தின் வழியாகப் போய்வருகிறது. சார்ஜா, துபாய், மஸ்கட், தோகா, குவைத், பஹ்ரைன், தம்மாம் என்று வளைகுடாப் பெயர்கள் இங்கே பக்கத்து ஊர்ப் பெயர்கள் போலப் புழங்கும். கொத்தனார், எலக்ட்ரிஷியன், டிரைவர், நர்ஸ், கடலோர ஊர்களிலிருந்து அரபுக் கடலில் மீன்பிடிக்கப் போகிற மீனவர். போகிறவருடைய பெட்டியில் முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், அம்மா போட்ட மீன் ஊறுகாய். வழியனுப்ப ஒரு வேன் நிறைய வீட்டு ஆட்கள், உள்ளே போக அனுமதி இல்லாமல் கண்ணாடிக்கு வெளியே கைகாட்டியபடி. 2020-ல் கொரோனா எல்லா விமானங்களையும் நிறுத்தியபோது ஈரானில் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டு மீனவர்களில் பெரும் பகுதி இந்த மாவட்டத்தவர். அந்த ஆண்டு ஜூலை 1-ல் கடற்படைக் கப்பல் ‘ஜலஷ்வா’ பந்தர் அப்பாஸிலிருந்து 687 இந்தியரை ஏற்றிவந்து தூத்துக்குடியில் இறக்கியது. அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் தூக்கமில்லை.

துபாயையும் தோகாவையும் உள்ளங்கை போல் அறிந்த இவர்களில் பலர் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு போனதில்லை. விடுமுறை நாற்பது நாள், அதில் கல்யாணம், வீட்டு வேலை, ஆஸ்பத்திரி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்குத் துபாய் ஷாப்பிங் மாலைக் காட்டுமுன் குளச்சல் தூணைக் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சாங்கியில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் இடைவழிப் பயணிக்கு இலவசமாக ஊர் சுற்றிக் காட்டி அனுப்புகிறார்கள். இறங்குகிறவனைத் தங்கள் மண்ணுக்கு விருந்தாளியாக நினைக்கும் ஊர் அப்படித்தான் செய்யும். திருவனந்தபுரத்தில் மாலைத்தீவிலிருந்து மருத்துவத்துக்கு வருகிறவர்கள் நாள்கணக்கில் தங்குகிறார்கள். கோவளத்தில் ஐரோப்பியர் வாரக்கணக்கில் இருக்கிறார்கள். இவர்களைத் தெற்கே ஒரு நாள் அழைத்துவர ஆகும் செலவு என்ன? விமான நிலைய வாசலிலிருந்து, தம்பானூர் பேருந்து நிலையம் போய் மாறாமல், தக்கலை வழியாகக் குமரிமுனை வரை ஒழுங்காக ஓடும் ஒரு பேருந்து. பத்மநாபபுரம், உதயகிரி, இரணியல், குளச்சல் நான்கையும் சேர்த்துப் பார்க்க ஒரே சீட்டு. விவரம் தெரிந்த உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி. இரண்டு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியங்கள் இவை. கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30-ல் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், கூட்டம் அலைமோதுகிறது. கடலுக்குள் பாலம் போட முடிந்த நமக்குக் களியக்காவிளையைக் கடந்து ஒரு திட்டம் போட முடியாதா?

அரசு எப்போது செய்யுமோ செய்யட்டும். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் பாசஞ்சரில் ஏறி இரணியலில் இறங்குங்கள். 1979-ல் போட்ட இந்தப் பாதையின் இருபக்கமும் ரப்பரும் தென்னையும் வாழையும் வயலும்தான். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்யும் ஊர், ஆகவே டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை வசதி. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனை மூடியிருக்கும். குறைந்தது இரண்டு இரவு தங்கும் எண்ணத்தோடு வாருங்கள். மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் பக்கத்து ஊரான திங்கள்சந்தையில் குலையாகத் தொங்கும், ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். சூரிய உதயத்தை மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம், இரணியலிலிருந்து குமரிமுனை ஒரு மணி நேரப் பயணம்தான்.